கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயம்: 845-ஆ, 1013-ஆ, 1060-ஆ?

ஊர்சுற்றி:
எசெக்ஸில் சிப்பிங் ஆங்கர் என்ற சிற்றூருக்கு மேற்கே சுமார் ஒரு மைலில் இருக்கிற கிரீன்ஸ்டெட் புனித அந்திரேயா ஆலயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. பிளந்த ஓக் மரங்களை நட்டு நிறுத்திய சுவர்கள், பக்கத்தில் செங்கல் கட்டு, முன்னால் வெள்ளைப் பலகை அடித்த கோபுரம் என்று படத்தில் பார்த்திருப்பீர்கள். "உலகிலேயே பழமையான மரத் தேவாலயம்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் வயது விஷயத்தில் ஆளுக்கொரு கணக்கு. ஒருவர் 845 என்கிறார். இன்னொருவர், 1013-லேயே புனித எட்மண்டின் உடல் இங்கே ஓர் இரவு வைக்கப்பட்டதால் அதற்கு முன்பே கட்டியது என்கிறார். மூன்றாமவர் 1060 என்கிறார்.

எதை எடுத்துக்கொள்வது? இன்று கண்ணுக்குத் தெரிவதில் எவ்வளவு பழையது, எவ்வளவு பின்னால் சேர்த்தது? சங்கம் சேர்த்ததற்காக நாடுகடத்தப்பட்ட டோல்பட்டில் (ஊர்ப் பெயர்) தொழிலாளர்களில் ஒருவருக்கு இங்கேதான் திருமணம் நடந்தது என்கிறார்களே, அதைப் பதிவேட்டில் சரிபார்க்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மரத்தச்சன்:
845-ஐத் தள்ளிவிடுங்கள். அதுவும் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிச் சொன்னதுதான். ஆனால் சொன்ன காலத்தில் இங்கிலாந்து ஓக் மரங்களுக்கு நீளமான ஒப்பீட்டு வளைய வரிசை கிடையாது. ஒப்பிட வரிசை இல்லாமல் குறைந்த வளையங்களை வைத்துக்கொண்டு பொருத்தினால், பொருந்துகிற மாதிரித் தெரிகிற இடம் ஒன்றுக்கு மேல் கிடைக்கும். 1990-களில் புதிய வரிசைகளோடு வைத்து மறுபடி பார்த்தார்கள். அதில் வந்த முடிவு 1053, அதோடு கூட்ட வேண்டியது 10 முதல் 55 ஆண்டு வரை. ஆக மரம் வெட்டப்பட்டது 1063-க்கும் 1108-க்கும் இடையில்.

இந்தக் கூட்டல் எதற்கு என்று தெரிந்தால்தான் "1060" எங்கிருந்து வந்தது என்று புரியும். ஓக் மரத்தில் உள்ளே வைரம் (கெட்டியான நடுமரம்), வெளியே வெள்ளை (மெதுவான இளமரம்). வெள்ளைப் பகுதியைப் பூச்சி சீக்கிரம் தின்றுவிடும், தச்சரும் செதுக்கித் தள்ளிவிடுவார். கட்டடத்தில் மிஞ்சி நிற்பது பெரும்பாலும் வைரம் மட்டுமே. அதில் எண்ண முடிகிற கடைசி வளையம் மரம் செத்த ஆண்டு ஆகாது. அதற்கு வெளியே காணாமல் போன வெள்ளை வளையங்களையும் கூட்ட வேண்டும். எத்தனை என்று ஒரு மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிறைய இங்கிலாந்து ஓக் மரங்களை அளந்து பார்த்ததில் பெரும்பாலும் 10-லிருந்து 55-க்குள் விழுகிறது என்று ஒரு வரம்பு வைத்தார்கள். பட்டையோடு ஒட்டிய கடைசி வளையம் கிடைத்தால்தான் துல்லியமான ஆண்டு, சில சமயம் பருவம்கூட, சொல்ல முடியும். இங்கே அது இல்லை.

எனவே "1060-களில் கட்டியது" என்பது அந்த வரம்பின் முன் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்வது. 1100-ல் கட்டியது என்று ஒருவர் சொன்னாலும் மரம் மறுப்பதில்லை. 1066-ல் நார்மன் படையெடுப்பு நடந்தது. வரம்பில் முக்கால்வாசிக்கு மேல் அதற்குப் பிந்தைய ஆண்டுகள். கட்டிய முறை சாக்சன் (நார்மன்களுக்கு முன் ஆண்டவர்களுடைய) முறை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டிய நாளில் அரியணையில் இருந்தது சாக்சன் அரசரா நார்மன் அரசரா என்பதை மரத்தை வைத்துத் தீர்க்க முடியாது. "சாக்சன் ஆலயம்" என்று தகவல் பலகைகளில் தயங்காமல் எழுதுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

ஓக் மரத்தைப் பச்சையாகவே வேலை செய்வார்கள் என்பதால் வெட்டிய காலத்துக்கும் கட்டிய காலத்துக்கும் பெரிய இடைவெளி வராது. காய்ந்த ஓக்கை வாச்சியால் செதுக்குவது பெரும்பாடு. பழைய கட்டடத்திலிருந்து கழற்றி மறுபடி பயன்படுத்திய மரமாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்படியானால் பொருத்தமில்லாத பழைய காடிகளும் (நீளப் பள்ளங்களும்) துளைகளும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊர்சுற்றி:
அருமை. அப்படியானால் 1013 கதை பொய்யா? அதை வைத்துத்தான் முதல் பத்தியையே திட்டமிட்டிருந்தேன்.

மரத்தச்சன்:
பொய் என்று சொல்லத் தேவையில்லை, நிதானமாகப் படித்தால் போதும். கிழக்கு ஆங்கிலியா அரசர் எட்மண்ட் 869-ல் டேனியர்களால் கொல்லப்பட்டார். மறுபடி டேனியப் படை வந்தபோது, 1010-ல், அவர் உடலைப் பாதுகாப்புக்காக லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1013-ல் பெரிக்கு (இன்றைய பெரி செயின்ட் எட்மண்ட்ஸ்) திருப்பி எடுத்துச் சென்றார்கள். பிற்காலத்தில் பெரி மடத்தில் எழுதிவைத்த குறிப்பு ஒன்று, வழியில் ஆங்கர் அருகே தங்கினார்கள், அவர் நினைவாக அங்கே மரத்தாலான சிற்றாலயம் இன்றும் நிற்கிறது என்கிறது.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, கிரீன்ஸ்டெட் என்ற பெயர் அதில் இல்லை; ஆங்கர்தான் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற மரக் கட்டடம் இது ஒன்றுதான் என்பதால் பின்னால் வந்தவர்கள் இதோடு சேர்த்தார்கள். நியாயமான ஊகம், ஆனால் ஊகம்தான். இரண்டு, "நினைவாக" நிற்கிறது என்றால் அவர் தங்கிய பிறகு கட்டியதாகவும் இருக்கலாமே. உடல் இந்த மரச் சுவர்களுக்குள்ளேயே வைக்கப்பட்டது என்று அந்தக் குறிப்பு சொல்லவில்லை. இப்படிப் படித்தால் 1013-க்கும் 1063-1108-க்கும் சண்டையே வராது.

1960-ல் அகழ்ந்து பார்த்தபோது பீடப்பகுதியின் (பலிபீடம் உள்ள பகுதியின்) தரைக்கடியில் இதற்கும் முந்தைய இரண்டு மரக் கட்டடங்களின் தடயம் கிடைத்தது. அதனால் இடம் பழையது என்பது உறுதி. அவற்றில் ஒன்றில்தான் எட்மண்டின் உடல் இருந்தது என்று எழுத ஆசை வரும், ஆதாரம் இல்லை, எழுதிவிடாதீர்கள்.

தலைப்பு விஷயமும் சொல்லிவிடுகிறேன். "உலகின் பழமையான மரக் கட்டடம்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ஜப்பானின் ஹோர்யூஜி புத்த ஆலயம் இதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. இன்னும் நிற்கிற மரக் கிறிஸ்தவ ஆலயங்களில் மிகப் பழையது என்பது பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதுவும் மக்கள் கூடுகிற நடுக்கூடத்துச் சுவருக்கு மட்டும் பொருந்தும்.

செங்கல்சூளை:
மேலே கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்கலாம். கட்டடத்தைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனால் எது எந்தக் காலம் என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

நடுக்கூடத்தில் பழைய பிளந்த மரங்கள் 51 நிற்கின்றன. அடிமரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வளைந்த புறம் வெளியே, தட்டைப் புறம் உள்ளே வரும்படி நிறுத்தியிருக்கிறார்கள். தட்டைப் புறத்தை வாச்சியால் இழைத்திருக்கிறார்கள். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே காற்றும் மழையும் புகாமலிருக்க, இரண்டு விளிம்பிலும் காடி வெட்டி நடுவில் மெல்லிய ஓக் நாக்குச் சட்டத்தைச் செருகினார்கள். பச்சை மரம் காயும்போது சுருங்கும். ஒட்டி வைத்த மரங்கள் விரல் நுழைகிற அளவுக்குப் பிரிந்துவிடும். காடிக்குள் நாக்கு இருந்தால் மரம் சுருங்கினாலும் இடுக்குத் திறக்காது. நார்வேயின் மரத் தேவாலயங்களோடு இதை ஒப்பிடுவார்கள். அங்கே மூலைத் தூண்களும் சட்டங்களும் பாரத்தைத் தாங்கும், பலகை நடுவில் அடைப்பு மட்டுமே. இங்கே அடைப்பதும் தாங்குவதும் இதே பிளந்த மரங்கள்தான்.

அடிப்பகுதிக்கு வாருங்கள். மரம் செங்கல் மேடைமேல் உட்கார்ந்திருப்பது படத்தில் தெரியும். அது 1848-ஐ ஒட்டி நடந்த திருப்பணியின் வேலை. அப்போது ரெக்டராக (ஆலயப் பொறுப்புக் குருவாக) இருந்த பிலிப் ரே காலத்தில், ஈரம் ஏறி உளுத்துப்போன அடிமுனைகளை அறுத்துவிட்டு, புது ஓக் அடிச்சட்டமும் அதற்கடியில் செங்கல் மேடையும் கொடுத்தார்கள். இதனால் மரங்கள் தப்பின. ஆனால் முதலில் எவ்வளவு உயரம் இருந்தன, அடியில் எப்படிப் பொருத்தியிருந்தார்கள் என்று சொல்லக்கூடிய பகுதி போய்விட்டது. சுவரின் இன்றைய உயரத்தை அளந்து "பதினோராம் நூற்றாண்டு உயரம்" என்று எழுதுவது தவறு.

பீடப்பகுதி செங்கல். ஏறக்குறைய 1500 என்று வைத்துக்கொள்ளலாம். அதன் அடியில் சிக்கிமுக்கிக் கல்லால் போட்ட நார்மன் கால அடித்தளம் தெரியும், எனவே 1500-ல் கட்டியவர்கள் பழையது ஒன்றை எடுத்துவிட்டுத்தான் கட்டினார்கள். எசெக்ஸ் ஏன் இப்படி மரமும் செங்கலுமாக இருக்கிறது என்றால், அந்தப் பக்கத்தில் நல்ல கட்டடக் கல் கிடையாது. களிமண், சிக்கிமுக்கி, காடு, இவைதான் கையில் கிடைத்தவை. பிளாக்மோர், ஸ்டாக், மார்கரெட்டிங் ஆலயங்களின் பெரிய மரக் கோபுரங்களும் இதே காரணத்தால் வந்தவை.

டியூடர் காலச் (16-ஆம் நூற்றாண்டை ஒட்டிய) செங்கலையும் விக்டோரியா காலச் (பத்தொன்பதாம் நூற்றாண்டு) செங்கலையும் நேரில் பிரிக்க ஒரு எளிய வழி: நாலு வரி செங்கலை, நாலு சாந்து இணைப்போடு சேர்த்துச் செங்குத்தாக அளவெடுங்கள். டியூடர் செங்கல் சன்னம், கனம் 2 முதல் 2¼ அங்குலம். நாலு வரி 10 அங்குலத்தை ஒட்டி வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் 2½-க்கு மேலே போகும், நாலு வரி 11 முதல் 12 அங்குலம் பிடிக்கும், விளிம்பும் நேராக இருக்கும். டியூடர் செங்கல் ஒன்றுக்கொன்று அளவு மாறும், விறகுச் சூளையில் வெந்ததால் நிறமும் மாறும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். பழுது பார்க்கும்போது பழைய செங்கலையே திரும்ப வைப்பார்கள். மூன்று நான்கு இடத்தில் அளந்து பாருங்கள், சாந்தையும் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து நகத்தால் கீறினால் உதிரும். கெட்டியான சாம்பல் நிறச் சாந்து சிமெண்ட், அது பிற்காலப் பழுது. (சுவரைக் கீறிப் பார்க்கச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம்!)

கூரை முதலில் வேய்ந்தது, டியூடர் காலத்தில் ஓடு போட்டார்கள். கூரைச் சன்னல்களும் அப்போது சேர்ந்தவைதான், இன்று உள்ளவற்றில் திருப்பணிக் காலக் கைவேலை நிறைய. அதற்கு முன் நடுக்கூடத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி வெளிச்சமே இருந்திருக்காது. கோபுரத்தின் வயதை மணியை வைத்துச் சொல்ல முடியாது. "வில்லியம் லேண்ட் என்னைச் செய்தார், 1618" என்ற பொருளில் ஒரு மணியில் எழுத்து உண்டு. மணியை ஒரு கோபுரத்திலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றலாம், புது மணியைப் பழைய கோபுரத்திலும் மாட்டலாம்.

ஊர்சுற்றி:
சுவரில் சின்னத் துவாரம் ஒன்றைத் தொழுநோயாளிகளுக்கானது என்று குறிப்பிடுகிறார்களே, வெளியே நின்று ஆசீர்வாதம் வாங்க?

செங்கல்சூளை:
இங்கிலாந்தில் பழைய ஆலயத்தில் காரணம் தெரியாத ஓட்டை எங்கே இருந்தாலும் அதைத் தொழுநோயாளி தலையில் கட்டிவிடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடித்த பழக்கம். இங்கே அந்தத் துவாரம் பழைய வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே நுழைகிறவர் விரலை நனைத்துக்கொள்ளும் தீர்த்தக் கிண்ணம் வைத்த மாடமாக இருக்கலாம், அல்லது வருவது யார் என்று பார்க்கிற துளையாக இருக்கலாம். பலிபீடத்தைப் பார்க்க வசதியான இடமும் அது இல்லை. கட்டுரையில் "தொழுநோயாளித் துவாரம் என்று சொல்லப்படுவது" என்று போட்டு அடுத்த வரியில் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

பழம்பதிவு:
கடைசிக் கேள்வி பதிவேடு பற்றியது. முதலில் ஒரு பொறி: எசெக்ஸில் இதே ஒலியில் இன்னொரு ஊர் இருக்கிறது. கோல்செஸ்டரை ஒட்டிய கிரீன்ஸ்டெட். எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், அதுவும் பழைய ஆவணங்களில் மாறி மாறி வரும். போதாததற்கு அங்கேயும் ஆலயம் புனித அந்திரேயா பெயரில்தான்! பட்டியலில் ஊர்ப் பெயரையும் புனிதர் பெயரையும் பார்த்துவிட்டுச் சரி என்று எடுத்தால் தப்பான பங்கின் (ஆலய வட்டாரத்தின்) பதிவேடு கைக்கு வரும். "ஆங்கர் அருகே" என்ற ஒட்டு இருக்கிறதா என்று பார்த்தே எடுங்கள்.

பதிவேடுகள் செம்ஸ்ஃபோர்டில் உள்ள எசெக்ஸ் ஆவணக் காப்பகத்தில். அவர்களுடைய இணையதளத்தில் கட்டணம் கட்டிப் படிமங்களைப் பார்க்கலாம். பங்குப் பதிவேடு வைக்கச் சொல்லி தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டது 1538-ல். ஆனால் நிறைய ஊர்களில் 1558-லிருந்துதான் கிடைக்கும். 1598-ல் காகிதப் பதிவுகளை எல்லாம் தோல் ஏட்டுக்குப் படியெடுக்கச் சொன்னபோது, குறிப்பாக முதலாம் எலிசபெத் ஆட்சி தொடங்கியதிலிருந்து என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். எழுதுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு முந்தைய இருபது ஆண்டை விட்டுவிட்டார்கள். 1642 முதல் 1660 வரை உள்நாட்டுப் போரும் குடியரசும். அங்கே ஓட்டை இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது. பதிவேட்டில் 1640 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1641.

இனி டோல்பட்டில். டார்செட்டில் அந்த ஊரைச் சேர்ந்த ஆறு பண்ணைத் தொழிலாளர்கள் சங்கம் சேர்த்ததற்கு, சட்டவிரோதமாக உறுதிமொழி எடுக்க வைத்தார்கள் என்று குற்றம் சாட்டி, 1834-ல் ஏழாண்டு ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினார்கள். எதிர்ப்பு பெருகியதால் 1836-ல் மன்னிப்பு. திரும்பி வந்தவர்களுக்காக லண்டனில் பணம் திரட்டி எசெக்ஸில் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். லவ்லஸ் சகோதரர்களும் ஜேம்ஸ் பிரைனும் கிரீன்ஸ்டெட்டில் நியூ ஹவுஸ் பண்ணையில், ஸ்டேண்ட்ஃபீல்ட் குடும்பம் ஹை லேவரில் ஃபென்னர்ஸ் பண்ணையில். 1839-ல் பிரைன், தாமஸ் ஸ்டேண்ட்ஃபீல்டின் மகள் எலிசபெத்தைக் கிரீன்ஸ்டெட் ஆலயத்தில் மணந்தார். பிறகு அறுவரில் ஐவர் கனடாவுக்குப் போய்விட்டார்கள்.

1839 என்பது தேடுகிறவருக்கு நல்ல ஆண்டு. 1837 ஜூலை 1 முதல் புது அச்சுப் படிவம் வந்துவிட்டது. மணமக்களின் வயது, தொழில், வசிப்பிடம், இருவருடைய தந்தையர் பெயர், தந்தையர் தொழில், கையெழுத்து அல்லது கைநாட்டுக் குறி, சாட்சிகள் என்று எல்லாம் இருக்கும். அதற்கு முன் தந்தை பெயருக்கு இடமே கிடையாது. வயது கட்டத்தில் எண் இல்லாமல் "முழு வயது" என்று மட்டும் இருந்தால் 21 நிறைந்தவர் என்று பொருள். பதிவை இரண்டு ஏட்டில் எழுதினார்கள். ஒன்று ஆலயத்தில், மற்றொன்று நிரம்பியதும் மாவட்டப் பதிவாளருக்கு. இதுபோக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நகல் லண்டனுக்குப் போனது. அந்த நகல்களுக்கான தேசிய அகரவரிசையில் தேடுவதானால் 1839-ன் நான்கு காலாண்டிலும் ஆங்கர் பதிவு மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே ஆலயத்தின் பெயர் வராது. மணமகன் பெயருக்கும் மணமகள் பெயருக்கும் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் வைத்து உறுதிசெய்ய வேண்டும். பிரைன் என்ற பெயரைவிட ஸ்டேண்ட்ஃபீல்டைத் தேடுவது சுலபம். நடுவில் உள்ள ஒரு எழுத்து விட்டுப்போன வடிவத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.

மணமகள் வேறு பங்கில் குடியிருந்திருந்தால், ஓலை (ஆலயத்தில் திருமண அறிவிப்பு) வாசித்தது இரண்டு ஊரிலும் நடந்திருக்க வேண்டும். எனவே ஹை லேவரின் ஓலைப் புத்தகத்தையும் கேளுங்கள். இருக்கிறதா என்பது அதிர்ஷ்டம். 1841 ஜூன் 6 குடிக்கணக்கும் உதவும். ஆனால் அதில் 15-க்கு மேற்பட்டவர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், உறவு முறையும் இருக்காது. "25" என்று இருந்தால் 29 வரை யாராகவும் இருக்கலாம்.

ஊர்சுற்றி:
1848 திருப்பணிக்கான அனுமதிக் காகிதம், வரைபடம் ஏதாவது கிடைக்குமா? எந்த மறைமாவட்டத்தில் தேடுவது?

பழம்பதிவு:
அங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். இன்று அந்த ஆலயம் செம்ஸ்ஃபோர்ட் மறைமாவட்டம், ஆனால் அது 1914-ல்தான் பிறந்தது. எசெக்ஸின் பெரும்பகுதி முதலில் லண்டன் மறைமாவட்டத்தில் இருந்தது. 1846-ஐ ஒட்டி ரோச்செஸ்டருக்குப் போனது, 1877-ல் செயின்ட் ஆல்பன்ஸுக்கு. எனவே 1848 என்றால் ரோச்செஸ்டர் ஆயருடைய காலம். அனுமதி கேட்ட மனு அந்த ஆயர் நீதிமன்ற ஆவணங்களில் இருக்க வேண்டும். பங்கின் சொந்தப் பெட்டியில் நகல் இருந்தால் அது எசெக்ஸ் காப்பகத்திலேயே கிடைக்கும், முதலில் அதைப் பாருங்கள். திருப்பணிக் குழு வரவுசெலவுக் கணக்கு, கோயில் காப்பாளர் கணக்கு இரண்டையும் கேளுங்கள். எந்தத் தச்சருக்கு எவ்வளவு கூலி, எத்தனை செங்கல் என்பதெல்லாம் மனுவில் வராது, கணக்கில்தான் வரும்.

நிலத்தின் கதை வேண்டுமானால் 1836 தசமபாகச் (விளைச்சலில் பத்தில் ஒன்றை ஆலயத்துக்குக் கொடுப்பது) சட்டத்தின்கீழ் வரைந்த வரைபடம் இருக்கிறது. மூன்று பிரதி எடுத்தார்கள்: அரசுக்கு ஒன்று, ஆயருக்கு ஒன்று, பங்குக்கு ஒன்று. அரசுப் பிரதி லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். கிரீன்ஸ்டெட்டில் இருந்தவர் விகர் இல்லை, ரெக்டர் என்பதைக் கவனியுங்கள். தானியத்தின் பெரிய தசமபாகமும் அவருக்கே போனது, நடுவில் எந்த மடமும் எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

விக்டோரியா மாவட்ட வரலாற்று வரிசையில் எசெக்ஸ் 4-ஆம் தொகுதி ஆங்கர் பகுதிக்குரியது, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பண்ணை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, ரெக்டரை நியமிக்கும் உரிமை யாருக்கு என்பதற்கு அதை நம்பலாம். கட்டடத்தின் வயதுக்கு மட்டும் அதை எடுத்துக்காட்ட வேண்டாம். வெளிவந்தது 1956, அகழாய்வுக்கும் 1990-களின் வளைய ஆய்வுக்கும் முந்தையது.

மரத்தச்சன்:
ஒரு சின்னச் சேர்ப்பு. "மறுபடி துளைத்துப் பார்த்தால் துல்லியமான ஆண்டு கிடைக்காதா" என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள். துளைத்து எடுப்பது ஏறக்குறைய பென்சில் கனமுள்ள ஒரு குச்சிதான், துளையை மூடிவிடலாம். ஆனால் ஆலயத்தின் பழைய மரத்தில் துளை போட மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும், இது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம் வேறு. அனுமதி கிடைத்தாலும், பட்டை விளிம்பு எங்காவது மிஞ்சியிருக்க வேண்டும். வெளிப்புறம் ஒன்பது நூற்றாண்டு மழை குடித்த மரத்தில் அதைத் தேடுவதைவிட, மேல்சட்டத்துக்கடியில் மழை படாத முனைகளைப் பார்ப்பது நல்லது.

ஊர்சுற்றி:
முதல் பத்தியை மாற்றிவிட்டேன்: "1063-க்கும் 1108-க்கும் இடையில் வெட்டிய ஓக் மரங்கள்." எட்மண்ட் மூன்றாம் பத்திக்குப் போய்விட்டார், "ஆங்கர் அருகே" என்ற அளவில். ஸ்டேண்ட்ஃபீல்டின் எழுத்துக்கூட்டலை இரண்டு விதமாகவும் போட்டு நான்கு காலாண்டிலும் தேடிவிட்டுப் பக்க எண்ணை இங்கேயே போடுகிறேன்.